சொட்டு வைத்துப் பார்த்தது

குதிரைக்கு என்மேல் கோபமில்லை.
பின்னங்காலைத் தொடைமேல் ஏந்தி
மூன்றாவது ஆணியை அடித்துக்கொண்டிருந்தேன்.
லாயத்துக் கூரையிலிருந்து பனி சரிந்த சத்தம்.
அவ்வளவுதான்.
ஏழாவது விலா, எட்டாவது விலா.

ரவுண்டப்பிலிருந்து பில்லிங்ஸுக்கு ஐம்பது மைல்,
ஒவ்வொரு பள்ளமும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.
விலாவுக்குக் கட்டுப் போடுவதில்லை என்றார்கள்.
மூச்சு விடாமல் இருக்க முடியாதே,
ஆடிக்கொண்டேதான் சேரும்.
தும்மல் வந்தால் தலையணையைக் கட்டிக்கொள்.
சிரிப்பு வந்தால், உன் பாடு.

ஐந்து இடத்தில் கையெழுத்து.
ஆய்வை நடத்தும் லவான் ஸ்கோகன்
கடித்த நகத்தோடு வரிவரியாய்க் காட்டினாள்:
மருந்து தடவிய ஒட்டு எல்லோருக்கும் உண்டு.
அதன்மேல் பொருத்தும் வில்லைதான்
பாதிப் பேருக்கு அலை அனுப்பும்,
பாதிப் பேருக்குச் சும்மா இருக்கும்.
எது எவருக்கு?
"எனக்கும் தெரியாது" என்றாள்,
தெரியாததில் ஒரு பெருமையோடு.

வெள்ளி டாலர் அளவில் இரண்டு வில்லை.
இடுப்பில் சீட்டுக்கட்டு போல ஒரு பெட்டி.
அதில் பச்சை விளக்கு; எல்லாப் பெட்டியிலும் எரியுமாம்.
நாளுக்கு நான்கு மணி நேரம்.
படுக்கும்முன் ஓர் எண்,
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்.

குதிரைகளிடம் நான் எண் கேட்டதில்லை.
காதின் சாய்வு, விரிந்த மூக்குத்துளை,
பாரம் மாற்றி நிற்கும் கால், அது போதும்.
முதல் இரவு ஏழு என்று எழுதி
அடித்து, எட்டு என்று எழுதி
மறுபடி ஏழு.
தாளைப் பார்த்தால் ஏதோ நொண்டிப்போன தடம்.

மனிதக் காதுக்கு எட்டாத ஒலி என்றார்கள்.
டர்னிப்பைக் கூப்பிட்டு அருகில் படுக்கவைத்தேன்.
நாய் காதை உயர்த்தியது,
அடுப்பில் விறகு வெடித்ததற்கு.
லவான் போனில் சிரித்தாள்:
நாய்க்கும் எட்டாது, வவ்வாலுக்கும் எட்டாது,
அத்தனை உயரத்தில் போகிறது அது.
போகிறதென்றால்.

பத்தாம் நாள் சினூக் காற்று இறங்கி
வாசல் பனியை ஒரே மாலையில் தின்றது.
பதினோராம் நாள் பூட்ஸ் கயிற்றைக் கட்டினேன்.
குனிந்திருக்கிறேன் என்பது
நிமிர்ந்த பிறகுதான் தெரிந்தது.
அன்றிரவு நான்கு.

அப்போது பார்த்து டெல் மக்ராய்,
தீவனக் கடையில் எதுவும் வாங்காமல் நிற்பவன்,
சொன்னான்: வில்லையைக் கழற்றி
ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்.
அலை இருந்தால் சொட்டு நடுங்கும்.
நடுங்காவிட்டால் உனக்குத் தந்தது வெறும் பொத்தான்.

இரண்டு நாள் அந்தப் பேச்சை
வாய்க்குள் புகையிலைபோல் அதக்கிக்கொண்டிருந்தேன்.
மூன்றாம் இரவு
சமையலறை மேசையில் வில்லை மல்லாந்து கிடந்தது.
காலி கண்மருந்துக் குப்பியில் தண்ணீர்.
சொட்டு விழுந்து, திரண்டு, நின்றது.
உத்தரத்து விளக்கு அதற்குள் ஒரு வெள்ளைப் புள்ளி.
மூச்சை அடக்கினேன்.
விலா மறுப்புச் சொல்லவில்லை.
சொட்டு அசையவில்லை.
அல்லது என் கண்ணுக்கு எட்டாமல் அசைந்ததோ என்னவோ.
இவ்வளவு மெல்லிய அலைக்குத் தண்ணீர் நடுங்குமா என்று
டெல்லுக்கும் தெரியாது.

பதினான்கு நாள் பொத்தானைச் சுமந்தேனா?
அப்படியென்றால் அந்தக் கயிற்றைக் கட்டியது யார்?
ஒட்டில் இருந்த மருந்தா, கழிந்த நாட்களா,
பச்சை விளக்கின்மேல் நான் வைத்த நப்பாசையா?

கோபத்தில் பேனா ஏழை நோக்கிப் போனது.
ஏழு போட்டால் பொத்தானுக்குத் தகுந்த கூலி.

ஆனால் தப்பிய ஆணி எனக்குத் தெரியும்.
குளம்பின் ஓட்டை விட்டு உள்சதையில் இறங்கியிருக்கும்,
வெளியே தலை மட்டும் பளபளக்கும்.
ஒரு வாரம் கழித்து ஒரு குதிரை நொண்டும்.
அடித்தவன் அங்கே இருக்கமாட்டான்.

நான்கு என்று எழுதினேன்.
குறிப்புக்கென்று விட்டிருந்த இடத்தில்:
"சொட்டு வைத்துப் பார்த்தேன். மன்னிக்கவும்.
ஒன்றும் விளங்கவில்லை."

வில்லையைத் துடைத்து மறுபடி ஒட்டிக்கொண்டேன்.
இன்னும் ஒரு மணி இருபது நிமிடம் பாக்கி.
டர்னிப் வந்து காலடியில் சுருண்டது.
பச்சை எரிந்தது.